சிஸ்டரைக் கேளுங்க: மலை வீட்டு மருந்துப் பெட்டி

இந்த மாசம் வந்த லெட்டர், வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாத்தையும் சேர்த்து வெச்சுப் படிச்சேன், பாதிக்கு மேல ஒரே புலம்பல்தான், வீட்டுல வாங்கி வெச்ச மெஷின் ஒண்ணு சொல்லுது, ஆளு வேற மாதிரி இருக்காரு, எதை நம்பறதுன்னு. நான் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரில நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ, என் காலத்துல மெஷினே கிடையாது, நம்பறதுக்கு ஆளு மட்டும்தான் இருந்தாரு. சரி, ஒவ்வொண்ணா வருவோம்.

அப்பாவுக்கு 71 வயசு. சளி பிடிச்சுதுன்னு விரல்ல மாட்டி ரத்தத்துல ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம்னு பார்க்கற ஆக்ஸிமீட்டர் வாங்கினேன், 93, 94ன்னே காட்டுது. சென்னைல இருக்கற அண்ணன் 95க்கு கீழ போனா டேஞ்சர், உடனே அட்மிட் பண்ணுன்னு போன்ல கத்தறான். அப்பா என்னடான்னா கேரட் பாத்திக்கு தண்ணி விட்டுட்டு இருக்காரு. என்ன பண்றது சிஸ்டர்? (வாசகர், ஊட்டி ஃபிங்கர்போஸ்ட்)

அண்ணன் மேல தப்பு இல்ல தம்பி, அவரு கடல் பக்கத்துல உக்காந்துக்கிட்டு கடல் மட்டத்துக் கணக்கை சொல்றாரு. ஊட்டி கிட்டத்தட்ட 2,240 மீட்டர் உயரம், இங்க காத்தழுத்தம் சென்னைல இருக்கறதுல முக்கால் பங்கு சொச்சம்தான். குக்கர் இல்லாம இங்க அரிசி வேக மாட்டேங்குது, தண்ணி 92, 93 டிகிரிலயே கொதிச்சுடுது இல்ல, அதே காரணம்தான். அழுத்தம் கம்மின்னா ஒவ்வொரு மூச்சுலயும் உள்ள போற ஆக்ஸிஜனும் கம்மி, அதனால நல்லா இருக்கற ஆளுக்கே இங்க 93லருந்து 96, 97 வரைக்கும் காட்டறது சகஜம்.

ஆனா இதைக் கேட்டுட்டு மெஷினை மூலைல போட்டுடாதீங்க. அப்பா நல்லா இருக்கற நாள்ல நாலஞ்சு தடவை பார்த்து காலண்டர்ல குறிச்சு வைங்க, அதுதான் அவரோட சொந்த நம்பர். சளி, காய்ச்சல் வரும்போது அதுலருந்து மூணு நாலு பாயிண்ட் இறங்கி நின்னாலோ, 90 பக்கம் போனாலோ ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. அப்புறம் பார்க்கற முறைன்னு ஒண்ணு இருக்கு, காலைல வெளிய நின்னுட்டு வந்த ஜில்லுன்னு இருக்கற விரல்ல மாட்டினா 85 கூட காட்டும், கையை நல்லா தேய்ச்சு சூடு பண்ணி, நெயில் பாலிஷ் இருந்தா எடுத்துட்டு, மாட்டின பிறகு ஒரு நிமிஷம் ஆடாம இருந்து நம்பர் நிலைக்கறப்ப பாருங்க.

இதை விட காசில்லாத டெஸ்ட் ஒண்ணு, அவரு உக்காந்திருக்கும்போது அவருக்குத் தெரியாம மூச்சை ஒரு முழு நிமிஷம் எண்ணுங்க. பெரியவங்களுக்கு 12லருந்து 20. சும்மா உக்காந்திருக்கும்போதே 25ஐத் தாண்டுது, ஒரு வாக்கியத்தை முழுசா பேச முடியல, உதடு நீலமா இருக்குன்னா ஆக்ஸிமீட்டர் 96 காட்டினாலும் அதைக் கேக்காம ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. குழந்தைக்கு கணக்கு வேற, ரெண்டு மாசத்துக்கு கீழ 60, அதுக்கு மேல ஒரு வயசு வரைக்கும் 50, ஒண்ணுலருந்து அஞ்சு வயசு வரைக்கும் 40, இதைத் தொட்டாலே டாக்டர்கிட்ட காட்டணும். உங்க அப்பா கேரட்டுக்கு தண்ணி விடட்டும்.

போன வாரம் பனி தாங்காம கரி அடுப்பை ரூமுக்குள்ள வெச்சு கதவை சாத்திட்டு படுத்தோம். காலைல நாலு பேருக்கும் தலைவலி, பையன் வாந்தி எடுத்தான். ஆக்ஸிமீட்டர்ல எல்லாருக்கும் 98, அதனால பித்தம்னு விட்டுட்டோம். சரியாகிடுச்சு. இருந்தாலும் கேக்கறேன். (வாசகி, குன்னூர்)

அம்மா, இதைப் படிச்சதும் எனக்கு கை நடுங்கிடுச்சு. அது பித்தம் இல்ல, கார்பன் மோனாக்சைடுங்கற விஷ வாயு. நீங்க நாலு பேரும் எழுந்திரிச்சதே பெரிய விஷயம். ஊட்டிலயும் கொடைக்கானல்லயும் குளிருக்கு இதே மாதிரி கரியை ரூமுக்குள்ள வெச்சுப் படுத்தவங்க காலைல எழுந்திரிக்கலன்னு பேப்பர்ல நியூஸ் படிச்சிருப்பீங்க.

கரி கங்கா கனியும்போது புகை இல்ல, வாசனை இல்ல, அதனால சுத்தமா எரியுதுன்னு நினைச்சுக்கறோம், நிஜத்துல அப்பவும் இந்த வாயு வந்துட்டேதான் இருக்கு. ரத்தத்துல ஆக்ஸிஜன் உக்கார வேண்டிய சீட்ல இது 200 மடங்குக்கு மேல பலமா ஒட்டிக்கும். விரல்ல மாட்டற மெஷினுக்கு இந்த ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது, ரத்தம் சிவப்பா இருக்கா, சரி 98ன்னு போட்டுடும். ஊருக்கே நம்பர் கம்மியா காட்டற இந்த மலைல நாலு பேருக்கும் ஒண்ணா 98 வந்துச்சுன்னா அதுவே சந்தேகப்பட வேண்டிய விஷயம்.

அடையாளம் என்னன்னா, ஒரே வீட்டுல எல்லாருக்கும் ஒண்ணா தலைவலி, குமட்டல், கால் தள்ளாடறது, வெளிய போனா கொஞ்சம் தெளியறது. அப்படி இருந்தா முதல்ல கதவு ஜன்னலைத் திறங்க, எல்லாரையும் வெளிய கொண்டாங்க, அடுப்பை அணைக்கறது அப்புறம் பார்த்துக்கலாம், 108க்கு போன் போட்டு கரி அடுப்புன்னு சொல்லுங்க. தெளிஞ்சுட்டாலும் ஆஸ்பத்திரி போய் ஆக்ஸிஜன் வெச்சுக்கணும், வீட்டுல கர்ப்பமா யாராவது இருந்தா ரொம்பவே முக்கியம். பாத்ரூம்ல கேஸ் கீசர் மாட்டியிருக்கறவங்களுக்கும் இதே பேச்சுதான், ஜன்னலை அட்டை வெச்சு அடைக்காதீங்க, குளிர் வந்தா வரட்டும். அடுப்புல காயணும்னா திண்ணைல உக்காந்து காய்ஞ்சுட்டு, படுக்கறதுக்கு கம்பளி போதும்.

பிபி மெஷின் வீட்டுல 158/94 காட்டுது, டாக்டர்கிட்ட போனா 132. மெஷின் கெட்டுப்போச்சா? (வாசகர், கோத்தகிரி)

ஒரே ஒரு கேள்வி, ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு பார்த்தீங்களா? நம்ம மலைல பத்து வீட்டுல எட்டு வீடு அப்படித்தான் பார்க்குது, சட்டை, ஸ்வெட்டர் அதுக்கு மேல பட்டை. இல்லன்னா ஸ்வெட்டர் கையை மேல சுருட்டி விட்டு அது தோள்பட்டைல கயிறு கட்டின மாதிரி இறுக்கும், ரெண்டுமே தப்பு. ஒரு கையை மட்டும் ஸ்வெட்டர்லருந்து உருவிட்டு போர்வையைப் போத்திக்குங்க, பட்டையோட கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்கு ரெண்டு விரல் மேல இருக்கணும், முதுகு சாய்ஞ்சு, கால் ரெண்டும் தரைல ஊணி, கை நெஞ்சு உயரத்துக்கு டேபிள் மேல. அஞ்சு நிமிஷம் பேசாம உக்காரணும். டீ குடிச்சு அரை மணி நேரம் ஆகியிருக்கணும், நம்ம ஊர்ல இதுதான் கஷ்டம், டீ இல்லாத அரை மணி நேரம் எங்க கிடைக்குது. ஒண்ணுக்கு வந்தா போயிட்டு வந்து பாருங்க. ஒரு நிமிஷம் விட்டு ரெண்டாவது தடவை பார்த்து ரெண்டையும் எழுதுங்க.

குளிர்லயும் பிபி ஏறும், அதனால பனி மாசத்து நம்பரை டாக்டர்கிட்ட தனியா காட்டுங்க. வீட்டுல பார்க்கற கணக்குக்கு 135/85ஐத் தொடர்ந்து தாண்டினா அதிகம்னு அர்த்தம். மணிக்கட்டுல கட்டற மெஷின் வேண்டாம், கையைக் கொஞ்சம் தூக்கினா ஒரு நம்பர், இறக்கினா ஒரு நம்பர்.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். வாய் ஒரு பக்கம் கோணுது, ஒரு கை தூக்க வரல, பேச்சு குழறுதுன்னா பிபி மெஷினைத் தேடாதீங்க, 108. அது பக்கவாதம், மூளைல அடைச்ச ரத்தக்கட்டியைக் கரைக்கற ஊசிக்கு பொதுவா நாலரை மணி நேரம்தான் கணக்கு, கீழ இறங்கற மாதிரி ஆச்சுன்னா மேட்டுப்பாளையம் போறதுக்குள்ளயே ஒரு மணி நேரம் போயிடும். கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாருன்னு மட்டும் எழுதி வெச்சுக்குங்க. தண்ணி, மாத்திரை எதுவும் வாய்ல போடாதீங்க, புரையேறும்.

சுகர் மெஷின் காலைல எரர்னு காட்டுது, மதியம் ஒழுங்கா வேலை செய்யுது. (வாசகி, ஊட்டி)

குளிர்தான். நிறைய மெஷின் 10 டிகிரிக்கு கீழ வேலை செய்யாது. மெஷினையும் ஸ்ட்ரிப் டப்பாவையும் ராத்திரி அலமாரில துணி நடுவுல வைங்க. டப்பா மூடியைத் திறந்து வெச்சீங்கன்னா மஞ்சு உள்ள போய் ஸ்ட்ரிப் கெட்டுடும். வெதுவெதுப்பான தண்ணில கையைக் கழுவிட்டு குத்துங்க, ரத்தம் நல்லா வரும், பேரிக்காய் உரிச்ச கையோட பார்த்துட்டு சுகர் 300ன்னு அழறதும் நடக்காது. இன்சுலினை ஃப்ரீசர் ஓரமா வைக்காதீங்க, ஒரு தடவை உறைஞ்சா அது குப்பை.

ரெண்டு வயசுப் பாப்பா மேல சுடு டீ கொட்டிடுச்சு. மாமியார் டூத்பேஸ்ட் பூசினாங்க, பக்கத்து வீட்டு அக்கா உருளைக்கிழங்கு அரைச்சுக் கட்ட சொன்னாங்க, எது சரி? (வாசகி, எடப்பள்ளி)

ரெண்டும் இல்ல. ஊட்டி உருளைக்கிழங்குக்கு எவ்வளவோ பெருமை இருக்கு, தீப்புண்ணுக்கு மருந்துங்கறது அதுல சேராது. ஓடற குழாய்த் தண்ணி 20 நிமிஷம், வேற எதுவும் வேண்டாம். ஆனா நம்ம ஊர் குழாய்த் தண்ணி ஜனவரில ஐஸ் மாதிரி இருக்கும், குழந்தை முழு உடம்பும் நனைஞ்சா குளிர்ல விறைச்சுப் போயிடும், அதனால பட்ட இடத்துல மட்டும் தண்ணி விட்டு மத்த உடம்பை கம்பளில சுத்தி வைங்க. ஐஸ் கட்டி வைக்கவே கூடாது. சூடு பட்ட துணி, வளையல், அரைஞாண் உடனே எடுத்துடுங்க, தோலோட ஒட்டியிருந்தா மட்டும் இழுக்காதீங்க. அப்புறம் சுத்தமான பருத்தித் துணியால லேசா மூடி ஆஸ்பத்திரி. கொப்புளத்தை உடைக்காதீங்க. முகம், கை, மூட்டு, பிறப்புறுப்புல பட்டா, இல்ல பாப்பா உள்ளங்கை அளவுக்கு மேல இருந்தா வீட்டுல வெச்சுப் பார்க்காதீங்க. டூத்பேஸ்ட்டை டாக்டர் சுரண்டி எடுக்கறப்ப அந்தக் குழந்தை கத்தற கத்தல் இருக்கே, அதைக் கேட்டவங்க மறுபடி பூச மாட்டாங்க.

இதோட சேர்த்து எங்க வீட்டுக் கதையும். எங்க அம்மாவுக்கு சுகர், பாதத்துல உணர்ச்சி கம்மி. குளிருதேன்னு நானே, நர்ஸ் நானே, கொதிக்கற தண்ணியை ரப்பர் பைல ஊத்தி காலடில வெச்சுட்டுத் தூங்கப் போனேன். காலைல குதிகால்ல உள்ளங்கை அளவு கொப்புளம், அவங்களுக்கு வலிக்கவே இல்ல, ஆற மூணு மாசம் ஆச்சு. பைல கொதி தண்ணி வேண்டாம், முக்கால் பைக்கு மேல வேண்டாம், காத்தை அமுக்கி எடுத்துட்டு மூடுங்க, துணி உறை போடுங்க, ஆளு படுக்கறதுக்கு முன்னாடி பையை எடுத்துடுங்க.

மூணு மாசக் குழந்தைக்கு மூக்கடைப்பு. தலையணைலயும் மூக்குலயும் தைலம் தடவலாமா? எங்க பாட்டி ரெண்டு சொட்டு சர்க்கரைல கலந்து குடுப்பாங்க. (வாசகி, குந்தா)

வேண்டாம்மா, ரெண்டுமே வேண்டாம். இதைச் சொன்னா நம்ம ஊர்ல கோபம் வரும், தைலம் காய்ச்சி விக்கற ஊரு, டூரிஸ்ட் எல்லாம் பாட்டில் பாட்டிலா வாங்கிட்டுப் போறாங்க. வலிக்குத் தேய்ங்க, நானும் முழங்காலுக்குத் தேய்க்கறேன். ஆனா யூகலிப்டஸ் தைலம் ஒரு டீஸ்பூன் உள்ள போனாலே சின்னக் குழந்தைக்கு மயக்கம், வலிப்பு வரும், சில மில்லிக்கே வந்ததும் உண்டு. ரெண்டு வயசுக்கு கீழ மூக்குலயோ முகத்துலயோ தடவினா மூச்சுக்குழாய் இறுகிடலாம். கற்பூரமும் அப்படித்தான்.

அதை விட மோசம் விண்டர்கிரீன் தைலம், அந்த இனிப்பு வாசனை சிவப்பு பாட்டில் இருக்கே. ஒரு டீஸ்பூன்ல கிட்டத்தட்ட 7 கிராம் ஆஸ்பிரினுக்கு சமமான சரக்கு இருக்கு, அதாவது பெரியவங்க போடற 325 மில்லிகிராம் மாத்திரை இருபதுக்கு மேல. குழந்தை மிட்டாய்னு நினைச்சு ஒரு வாய் குடிச்சா உயிருக்கே ஆபத்து. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடற பெரியவங்களும் இதை அள்ளித் தேய்க்கக் கூடாது. பாட்டிலை சாமி ஷெல்ஃப்ல ஊதுபத்தி பக்கத்துல வைக்காம பூட்டி வைங்க. யாராவது குடிச்சுட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க, தைலம் நுரையீரலுக்குப் போயிடும், பாட்டிலோட ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

மூணு மாசக் குழந்தைக்கு சலைன் (உப்புத் தண்ணி) சொட்டு மருந்து போதும், பால் குடுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு மூக்குலயும் ரெண்டு சொட்டு.

கல்யாணம் ஆகி தனிக்குடித்தனம் வந்திருக்கோம். ஃபர்ஸ்ட் எய்ட் கிட் ஆன்லைன்ல 1500 ரூபாய்க்கு 100 ஐட்டம்னு போட்டிருக்கான், வாங்கலாமா? (வாசகர், அரவேணு)

அந்த நூறுல எழுபது ஒட்டற பிளாஸ்டரா இருக்கும். மெடிக்கல் ஷாப்ல தனித்தனியா வாங்குங்க, பழைய பிஸ்கட் டின் ஒண்ணு போதும். நாலு இஞ்ச் கிரேப் பேண்டேஜ் ரெண்டு, காஸ் ரோல், பேப்பர் டேப், நல்ல கத்தரி, கையுறை, பொவிடோன் அயோடின், டிஜிட்டல் தெர்மாமீட்டர், ஓஆர்எஸ், பாராசிட்டமால், டார்ச். மழைக்காலத்துல மரம் விழுந்து கரண்ட் போய் ரோடும் போற ஊர்ல டார்ச்சும் மருந்துதான். பழைய வேட்டி ஒண்ணை துவைச்சு அயர்ன் பண்ணி கவர்ல போட்டு வைங்க, தூளி கட்ட, ரத்தத்தை அமுக்கிப் பிடிக்க, உடைஞ்ச காலுக்கு குடைக் கம்பியோட சேர்த்துக் கட்ட எல்லாத்துக்கும் ஆகும். ரத்தம் வந்தா பஞ்சு வெச்சு வெச்சு எடுத்துப் பார்க்காதீங்க, துணியை வெச்சு பத்து நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்துட்டே அமுக்குங்க.

ஓஆர்எஸ் பாக்கெட்ல டபிள்யூஎச்ஓ ஃபார்முலான்னு இருக்கான்னு பாருங்க, ஜூஸ் டப்பா மாதிரி இருக்கறது வேண்டாம். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர்லதான் கலக்கணும், பாதி பாதியா பிரிக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்கு மேல வெச்சா கொட்டிடுங்க.

குழந்தை வந்தப்புறம் தேவைப்படும், இப்பவே சொல்லிடறேன், பாராசிட்டமால் சிரப் ஒரே பேர்ல ரெண்டு பவர்ல வருது, 5 மில்லிக்கு 125 மில்லிகிராம், 5 மில்லிக்கு 250. கணக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம். பத்து கிலோ குழந்தைக்கு 150 வேணும், முதல் பாட்டில்னா 6 மில்லி, ரெண்டாவதுன்னா 3 மில்லி. போன தடவை 6 குடுத்தோமேன்னு பாட்டில் மாறினது தெரியாம 6 குடுத்தா டபுள் டோஸ். நாலு மணி நேர இடைவெளியாவது வேணும், ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல கூடாது. சமையல் ஸ்பூன் வேண்டாம், ஊசி இல்லாத சிரிஞ்ச்ல அளங்க.

குரங்கு கீறினா நாய்க்கடி ஊசி போடணுமா? லேசா ரத்தம்தான் வந்துச்சு. (வாசகர், குன்னூர் சிம்ஸ் பார்க் பக்கம்)

போடணும். உங்க ஊர்லயே 1907லருந்து பாஸ்டர் இன்ஸ்டிடியூட் இருக்கு, வெறிநாய்க்கடிக்கு மருந்து தயாரிச்ச இடம், அது பக்கத்துல இருந்துக்கிட்டு மஞ்சள் பத்து போடறாங்களேன்னுதான் எனக்கு ஆத்தாமை. முதல்ல சோப்பு போட்டு ஓடற தண்ணில 15 நிமிஷம் கழுவுங்க, கிருமியைக் குறைக்கறதுல பாதி வேலை இதுலயே முடியும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு வேண்டாம். அன்னைக்கே அரசு ஆஸ்பத்திரி போங்க, ஊசி இலவசம், தோல்ல போடற முறைல 0, 3, 7, 28வது நாள். ரத்தம் வந்த காயம்னா காயத்தை சுத்திப் போடற இம்யூனோகுளோபுலின்கற எதிர்ப்புச் சக்தி ஊசியும் வேணுமான்னு கேளுங்க. நோய் வந்துட்டா காப்பாத்த வழி இல்லைன்னே வெச்சுக்குங்க, மூணாவது ஊசியோட நிறுத்தாதீங்க.

கொழுந்து எடுக்கப் போனா அட்டை, சில நேரம் பச்சைப் பாம்பு. கையோட என்ன வெச்சுக்கணும்? (வாசகி, பந்தலூர்)

அட்டையைப் பிடுங்காதீங்க, தீக்குச்சி வைக்காதீங்க, அது வயித்துல இருக்கறதை காயத்துலயே கக்கும். சின்ன வாய் பக்கமா நகத்தை தோலோட ஒட்டி நெம்பினா விட்டுடும். ரத்தம் உறையாம இருக்க அது ஒண்ணு விட்டுட்டுப் போகுது, அதனால நேரம் பிடிக்கும், கழுவிட்டு அமுக்கிக் கட்டுங்க.

தேயிலைச் செடி மேல சுருண்டு கிடக்கற தடிச்ச பச்சைப் பாம்பு குழிவிரியனா இருக்கும். நம்ம ஊர் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்குத்தான், குழிவிரியனுக்கு இல்ல, ஆனா எது கடிச்சதுன்னு நீங்க முடிவு பண்ண வேண்டாம். கயிறு கட்டாதீங்க, கீறாதீங்க, உறிஞ்சாதீங்க. மோதிரம், கொலுசு, மெட்டி கழட்டுங்க, வீங்கினா வராது. கடிபட்ட கையையோ காலையோ ஒரு கட்டையோட சேர்த்து அசையாம கட்டி, நடக்க விடாம தூக்கிட்டு ரோட்டுக்கு வாங்க, 108ஐ முன்னாடியே கூப்பிட்டு தோட்டத்து லைன் வீட்டுக்கு வர வழி சொல்லிடுங்க. பாம்பை அடிச்சு எடுத்துட்டு வர்ற வேலை வேண்டாம்.

பழைய பாதரச தெர்மாமீட்டர் உடைஞ்சு தரைல வெள்ளி மணி மாதிரி ஓடுது, பையன் விளையாடறான். (வாசகி, கொடைக்கானல்)

உங்க ஊர்ல தெர்மாமீட்டர் ஃபாக்டரியே இருந்து, பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக் கடைக்குப் போனது வெளிய வந்து 2001ல மூடினாங்க, அந்த ஊர்லருந்தே இந்தக் கேள்வி. முழுங்கிட்டான்னா கூட பெரும்பாலும் அப்படியே வெளிய வந்துடும், அது ஆவியாகி மூச்சுல போறதுதான் கெடுதல். பையனை வெளிய அனுப்புங்க, ஜன்னலைத் திறங்க, ஹீட்டர் ஓடினா உடனே நிறுத்துங்க, சூட்டுல ஆவி அதிகமாகும். விளக்குமாறு வேண்டாம், வேக்குவம் கிளீனர் வேண்டவே வேண்டாம், ரெண்டும் அதை இன்னும் பொடியாக்கும். கையுறை போட்டு, கல்யாணப் பத்திரிகை அட்டை ரெண்டை வெச்சு உருட்டி ஒண்ணு சேர்த்து, மிச்சத்தை டேப்ல ஒட்டி எடுத்து, எல்லாத்தையும் இறுக்கமா மூடற பாட்டில்ல போடுங்க. சிங்க்ல கொட்டாதீங்க. குப்பை வண்டி வரும்போது மத்ததோட சேர்க்காம, பாதரசம்னு பாட்டில் மேல எழுதி, வண்டிக்காரர் கைல சொல்லிக் குடுங்க.